ஐந்தும் ஆறும் சேர்ந்த எட்டாம் டிராக்

மீன்காரி செசிலிக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று காலை ஷைஜா வாசலில் நின்று விலை கேட்டபோது மட்டும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன மோளே, வாயத் தொறந்து கேளு. சத்தத்த ஆருக்குக் கொண்டு வித்த?”

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து திருவட்டாறு வரைக்கும் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவள் செசிலி. மகளுடைய பிரசவத்துக்குப் போய்விட்டதால் சில மாதங்களாக இந்தப் பக்கம் வரவில்லை. முன்பெல்லாம் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டதுமே ஷைஜா அடுக்களையிலிருந்து “செசிலியக்கா, சாளை உண்டா?” என்று கூப்பிடுவாள். ரப்பர் மரங்களைத் தாண்டிப் பதில் வரும். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்டும் வெறும் காற்றுதான் வெளியே வந்தது.

ஷைஜா தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைச் சற்று விலக்கினாள். கழுத்தின் அடியில் குறுக்கே ஒரு கோடு, சிவப்பு இன்னும் மாறாமல் இருந்தது.

“எனக்க மாதாவே,” என்றாள் செசிலி. அதற்குப் பிறகு அவள் விலை பேசவில்லை. மீனை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். சத்தம் எழுப்புவதே அந்த வீட்டுக்குச் செய்கிற அவமரியாதை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தைராய்டு கட்டியை எடுக்கும்போது, குரலுக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது என்று திருவனந்தபுரத்து டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியும் சொல்லியிருந்தார். யார்மேலும் குறை சொல்ல வழியில்லை. ஷைஜாவுக்கு அதுவும் ஒரு கஷ்டமாக இருந்தது. கோபப்படவாவது ஓர் ஆள் இருந்திருக்கலாம்.

அவள் சபைப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆல்ட்டோ. நான்கு குரலாகப் பிரித்துப் பாடும்போது பாட்டின் ராகம் சோப்ரானோ பெண்களிடம் போய்விடும். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். பேஸ் ஆண்கள் அடியில் நடப்பார்கள். டெனர் ஆண்கள் அதற்கு மேலே கொஞ்சம் மார்தட்டுவார்கள். இவர்களுக்கு நடுவில், யாரும் தனியாகக் கேட்டிராத இடத்தில், பெண்களின் தாழ்ந்த குரல் ஒன்று ஓடும். குழுவை நடத்துகிற தங்கையன் சாறு, பள்ளியில் ‘சார்’ ஆக இருந்து ஓய்வு பெற்று ஊர் வாயில் ‘சாறு’ ஆனவர், புதிதாகச் சேரும் பெண்களிடம் சொல்வார்: “ஆல்ட்டோ தனியா கேக்கப்பிடாது. ஆனா ஒரு ஞாயிற்றுக்கிழம அது வரலேண்ணா, என்னமோ கொறையுதேண்ணு சபையில எல்லாவனும் திரும்பிப் பாக்கணும்.” அப்படிச் சொல்லும்போது ஷைஜாவைத்தான் கைகாட்டுவார்.

அதனால் அவள் பாடிய குரல் தனியாக எங்கும் பதிவாகவில்லை. பேசிய குரல் வாட்ஸ்அப்பில், நாத்தனார் பிரிஜாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பியதில், எங்கெங்கோ கிடந்தது. பண்டிகை வீடியோக்களில் நாற்பது பேருடைய சத்தத்துக்குள் அவளும் இருந்தாள், தேடினாலும் அகப்படாதபடி. தனியாக இருந்தது ஒரே இடத்தில்தான். அவளுடைய கணவன் எபிசனின் ரெக்கார்டிங் மெஷினில், ஐந்தாவது டிராக்கிலும் ஆறாவது டிராக்கிலும்.

எபிசன் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாண வீடு, அடக்க ஆராதனை, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவான். ஆனால் அவனுடைய பெருமை சபைகளின் கன்வென்ஷன் கூட்டப் பந்தல்கள். அந்த மெஷின் மஸ்கட்டிலிருந்து திரும்பிவந்த ஒரு கூட்டாளியிடம் வாங்கியது. அடுக்கு டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். எட்டு டிராக். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு சத்தத்தைத் தனித்தனியாகப் பதிந்துகொண்டு, பிறகு எட்டையும் சேர்த்து ஓடவிட்டால் ஒரு முழுப் பாட்டு கிடைக்கும். ஒன்பதாவதாக ஒரு சத்தம் வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிறவற்றில் இரண்டை ஒன்றாக்கிக் காலியான டிராக்கில் கொட்டிவிட்டு, பழைய இரண்டையும் அழித்து இடம் உண்டாக்க வேண்டும். ஒன்றாக்கியதை மறுபடி பிரிக்க முடியாது. கம்ப்யூட்டரில் சொருகுகிற ஓட்டை வாங்கும்போதே உடைந்திருந்தது. அதனால் டிராக்குகள் தனித்தனியாக இருப்பது மெஷினுக்குள் மட்டும்தான்; வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஒயர் போட்டு ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும்.

ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு, எபிசன் உள்ளறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்தான். ரோட்டில் போகிற பஸ் சத்தமும் அண்டை வீட்டு ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் சத்தமும் உள்ளே வராமல் இருக்க அதுதான் வழி. கிறிஸ்துமஸுக்கென்று அவன் ஒரு பாட்டு எழுதியிருந்தான். ‘ஈர மண்ணில் இறங்கி வந்த வெளிச்சமே’ என்று தொடங்கும். தங்கையன் சாறு அதற்கு நான்கு குரலுக்கும் சோல்ஃபாவில் ஸ்வரம் எழுதிக் கொடுத்திருந்தார். தாளம், கிதார், கீபோர்டு எல்லாம் முதல் நான்கு டிராக்குகளில் முன்பே பதிந்தாகிவிட்டது.

ஷைஜா ஐந்தில் ஒரு தடவை பாடினாள். குரல் தடித்துக் கேட்பதற்காக ஆறில் அதையே மறுபடி பாடச் சொன்னான். ஐந்தில் கடைசி வரியில் அவளுக்கு மூச்சு கொஞ்சம் முட்டியது. ஆறில் அதே இடம் வந்தபோது எபிசன் எதிரில் நின்று கன்னத்தை உப்பிக் காட்டியதால் ‘வெளிச்சமே’யின் நடுவில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“ஏட்டி, கையோட ராகத்தையும் ஒருக்கா பாடிரு,” என்றான் அவன். “ஏழும் எட்டும் சும்மாத்தானே கெடக்கு.”

“நான் எதுக்கு ராகம் பாடுயது? அது பிரிஜாக்க வேலை. அவ கேட்டா மைனிக்கு இம்புட்டு ஆசையாண்ணு கேப்பா.”

“அவ கேக்கப்பிடாதுண்ணா அழிச்சிரலாம்.”

“போங்க. சோறு வடிக்கணும்.”

அவள் கர்வத்தில் மறுக்கவில்லை. சங்கோஜத்திலும் இல்லை. ஆல்ட்டோக்காரி ராகம் பாடுவது அடுத்த வீட்டு அடுப்பில் போய்ச் சமைப்பது போல அவளுக்கு இருந்தது. அந்த மத்தியானம் அவர்கள் சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்தார்கள்.

மழைக்காலம் முழுக்க அவள் மெஷினைத் தொடவே விடவில்லை. குரல் திரும்பிவிடும் என்று டாக்டரும் சொன்னார், ஜெபிக்க வந்தவர்களும் சொன்னார்கள். வரவில்லை. போனில் அவள் ஹலோ சொன்னால் எதிர்ப்பக்கம் ‘ஆரு, எபிசனா? தொண்டை கட்டியிருக்கா?’ என்று கேட்டார்கள். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அவள் எபிசனிடம் சொன்னாள், “எனக்க சத்தம் எப்பிடி இருந்துதுண்ணு எனக்கே இப்ப சரியா நெனப்பு வரமாட்டேங்குது.” அதைச் சொல்லியிருக்கக் கூடாதென்று பிறகு தோன்றியது.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் செக்கப். எபிசனுக்கு அன்று ஒரு பந்தல் வேலை இருந்ததால் அவனுடைய தங்கை பிரிஜா கூடப் போனாள். இருவரும் சாயங்காலம் பஸ்ஸில் களைத்துத் திரும்பியபோது எபிசன் குளித்துச் சட்டை மாற்றி வாசலில் காத்திருந்தான். பந்தல் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிட்டதாம்.

“சாயா பிறகு குடிக்கலாம். இங்க வந்து இரி.”

உள்ளறையில் மெஷினின் மேல்துணியை எடுத்திருந்தான். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, ஹெட்போனைத் தானே அவள் தலையில் மாட்டி, கூந்தலை ஒதுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

முதல் அடியில் ஷைஜாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. அவள்தான். அந்தத் தாழ்ந்த, சற்று நிதானமான, வார்த்தையின் முடிவில் லேசாக அழுத்துகிற குரல். ஒரு கணம் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

இரண்டாவது அடி வந்தது. முதல் அடியின் சத்தம் இன்னும் போகவில்லை. மூன்றாவது அடி வந்தபோது அதற்கு முந்தைய இரண்டும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு குரல் மூன்றாகி, மூன்றும் பெரிய மைதானத்தின் கோடியில் போய் முட்டித் திரும்பி வந்தன. வார்த்தை கரைந்துவிட்டது. கடைசி வரியில் மூச்சு முட்டிய இடத்தை அவள் கவனித்துக் கேட்டாள். சிரிப்பு வந்த இடத்தையும் கேட்டாள். அங்கே புகை மாதிரி ஏதோ ஒன்று ஓடியது.

“எப்பிடி?” எபிசனின் முகம் நிறைய வெளிச்சமாக இருந்தது. “கன்வென்ஷன் எக்கோ. பத்தாயிரம் பேருக்கு முன்னால நின்னு பாடுயது மாதிரி இல்லியா?”

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். “எக்கோவ கொறச்சிட்டு ஒருக்கா போடுங்க.”

“அதுக்க கூடவே சேத்தாச்சு, பிள்ளே. இந்த மெஷின்ல எக்கோ ஒண்ணுதான் உண்டு. பிரிஜாக்கும் சாறுக்கும் பிறகு வேணும்லா. அதான் ஒனக்கதுல மொதல்லயே பூசிவிட்டேன்.”

“அஞ்சும் ஆறும்?”

“அதாக்கும் இது. ரெண்டையும் சேத்து எட்டுல போட்டாச்சு. ஏழுல எனக்க டெனர் கெடக்கு. இப்ப அஞ்சும் ஆறும் காலி. ஒண்ணுல பிரிஜா, ஒண்ணுல சாறு. கணக்கு செரியா?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. காலி என்று அவன் சொன்ன இடத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் மேலே, இரண்டு சின்ன விளக்குகள் அணைந்து கிடந்தன. ஷைஜா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிக்கலியா?”

“கொள்ளாம், நல்லா இருக்கு,” என்றாள். காற்றாக வந்த அந்தச் சொல்லில் பொய் எது, களைப்பு எது என்று பிரித்தறிய எபிசனுக்கு வழியில்லை. குரல் போனதில் அப்படி ஒரு வசதியும் இருந்தது. அவள் எழுந்து போய் எல்லாருக்கும் சாயா போட்டாள்.

ஞாயிறன்று பிரிஜாவும் தங்கையன் சாறும் வந்தார்கள். சாறு உள்ளறைக்குள் வரும்போதே மெத்தை மறைத்த ஜன்னலைப் பார்த்து, “என்னலேய், பாட வரச் சொன்னியா, வேது பிடிக்க வரச் சொன்னியா?” என்றார். அவருடைய பேஸ் குரல் வயதுக்கு இன்னும் அசையாமல் நின்றது. ஐந்தில் அவர் பாடினார். ஆறில் பிரிஜா பாடினாள். பிரிஜா இரண்டு தடவை சுருதி விட்டாள். இரண்டு தடவையும் ஹெட்போனைக் காட்டி, “மைனிக்கது பின்னாலேருந்து வந்து காதப் பிடிச்சு இழுக்குது, அண்ணே,” என்றாள். எபிசன் எட்டாவது டிராக்கின் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தான். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டான்.

முதல் சரணம் முடியும் முன்பே தங்கையன் சாறு கையை உயர்த்தினார். “நில்லு, நில்லு. லேய் எபிசா, இது என்னது நடுவில? நாம ‘மண்ணில்’ பாடி முடிச்சு ‘இறங்கி’க்குப் போயாச்சு. அங்க ஒருத்தி இன்னும் ‘ஈர’த்துலேயே நிக்கியா.”

பிரிஜா சிரித்துவிட்டாள். சாறுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“கன்வென்ஷன்ல பிரசங்கியார் கொட்டாவி விட்டாக்கூட அது நாகருகோவில் வரைக்கும் போயிற்று வரும், அது ஒனக்க மைக் செட்டு. ஆனா இது கொயராக்கும், மக்கா. ஆல்ட்டோவுக்கு மேல இந்தக் கொழகொழாவ ஆரு ஊத்தினா?”

“கொறச்சிரலாம், சாறே.” எபிசன் எட்டைக் கீழே இறக்கினான். குரல் தூரப்போனது. இரைச்சல் மட்டும் அதே இடத்தில், ஒவ்வொரு அடியின் மேலும் முந்தைய அடியின் பாசியாகப் படிந்தது. இன்னும் இறக்கினான். இப்போது ஆல்ட்டோவே இல்லை. அது இல்லாத பாட்டு முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

“எக்கோ இல்லாத ஒரிஜினல் இருக்கும்லா? அதப் போடு.”

 எபிசனின் கை இன்னும் எட்டாவது டிராக்கின் மேலேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் அவனுக்கு விளங்கியது என்பதை ஷைஜா பார்த்தாள். முதலில் காதுகள் சிவந்தன. பிறகு அவன் அவள் இருந்த பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக மெஷினின் பின்பக்க ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். அதில் எந்தக் கோளாறும் இல்லை.

“அது இல்ல, சாறே.”

“இல்லேண்ணா சோலி முடிஞ்சு போச்சு. ஒரு மணிக்கூறு வேலைதானே, ஆல்ட்டோவ மறுபடி எடு. நம்ம கொயர்ல உள்ள ஜினிஷாவ வரச் சொன்னா அவ…” சொல்லிக்கொண்டே வந்த தங்கையன் சாறு நிறுத்தினார். எந்த அறையில், யாரை வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பது அவருக்குத் தாமதமாக ஞாபகம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மோளே,” என்றார் ஷைஜாவைப் பார்த்து. 

“பாட்டு வேண்டாம்,” என்றான் எபிசன். “இந்த வருசம் பழசு ஏதாவது பாடிக்கிடுங்க.” துணியை எடுத்து மெஷினை மூடினான்.

மூடினானே தவிர விடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து வந்ததும் துணியை எடுத்தான். சேர்த்துக் கொட்டிய சத்தத்திலிருந்து எக்கோவை வடிகட்ட முடியுமா என்று யாரிடமெல்லாமோ போனில் கேட்டான். ஓர் ஆப்பில் பாட்டைப் போட்டால் குரலை வேறு, வாத்தியத்தை வேறாகப் பிரித்துத் தரும் என்று மார்த்தாண்டத்தில் ஒரு பையன் சொன்னான். அதையும் செய்து பார்த்தான். அது கிதாரைப் பிரித்தது. கீபோர்டைப் பிரித்தது. குரலையும் குரலின் எதிரொலியையும் அது ஒரே ஆளாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு நாளும் ஷைஜாவைக் கூப்பிட்டு ஹெட்போனை நீட்டுவான். “இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்கா?”

“கொஞ்சம்.”

“நேத்தைக்கு இன்னைக்கு?”

“நேத்தைக்கு இன்னைக்குத் தேவல.”

ஒன்றும் குறையவில்லை. அவன் ஒரு குமிழைத் திருகுவான், குரல் தகரமாகும். இன்னொன்றைத் திருகுவான், தலையணைக்குள் போகும். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். பந்தல் வேலைக்குப் போன இடத்தில் எக்கோவே வைக்கவில்லையாம். பிரசங்கியார் கோபப்பட்டதாகக் கூட வேலைபார்க்கிறவன் வந்து சொன்னான். தன் குரல் போன வருத்தத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அவளுக்கு அந்த வீட்டில் இப்போது இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுடைய வருத்தம் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம், அவன் மறுபடி குமிழைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஷைஜா மெஷினுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். தூரத்திலிருந்து பேச முடியாததால் இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“ஜினிஷாவ வரச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“ஆல்ட்டோ பாடதுக்கு.”

“எடமில்ல,” என்றான். “எட்டும் நெறஞ்சு கெடக்கு.”

“எட்டுல பாடட்டு.”

அவன் எழுந்துவிட்டான். “எட்டுல பாடுனா ஒனக்கது போவும். மனசிலாச்சா? அதுக்க மேல பதிஞ்சா பிறகு ஒண்ணும் இருக்காது. வேணும்ணா நான் எனக்க டெனர அழிக்கேன். கிதாரையும் தாளத்தையும் சேத்து அதுல கொட்டிட்டா ரெண்டு காலியாவும். ஒண்ணுல ஜினிஷா பாடட்டு, இன்னொண்ணுல நான் மறுபடி பாடிக்கிடுதேன். ஒனக்கது எட்டுல அப்பிடியே இருக்கட்டு. சத்தத்த மூடி வச்சிரலாம்.”

“மூடி வச்சு?”

“இருக்குமே.”

இருக்கும். தினமும் சாயங்காலம் அவன் துணியை எடுத்துக் குமிழைத் திருகவும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். 

“போன்ல எடுத்துத் தாங்க,” என்றாள். “அது போதும்.”

அவனுக்கு அது பெரிய ஆறுதலாகிவிட்டது. அன்றைக்கே மற்ற ஏழையும் நிறுத்திவிட்டு எட்டை மட்டும் ஓடவிட்டு, ஒயர் போட்டு அவளுடைய போனில் பதிந்தான். ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று பலமுறை போட்டுப் பார்த்தான். தன்னுடைய போனிலும் ஒன்று வைத்துக்கொண்டான். பிரிஜாவுக்கும் அனுப்பினான்.

அவன் வெளியே போன பிறகு ஷைஜா கிணற்றடியில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். கிதார் இல்லை, கீபோர்டு இல்லை, பிரிஜாவின் ராகம் இல்லை. மேலும் கீழும் அதிகம் போகாமல், மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த ஒரு குரல். தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் இது என்ன பாட்டு என்று கேட்பார்கள். அந்தக் குரலும் அவளுடையதாக இல்லை. யாரோ ஒரு பெண் ஆழத்தில் விழுந்து, மேலே ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அவள் குரல் எட்டாவது டிராக்கில் இல்லை. எபிசன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்ற அன்றைக்கே, அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே, அது போய்விட்டிருந்தது.

“கேட்டியா? நல்லா விழுந்திருக்கா?” என்றான் எபிசன் திரும்பி வந்ததும்.

“நல்லா இருக்கு.”

“பாத்தியா. ஒண்ணும் போகல்ல.”

அவள் தலையாட்டினாள்.

ஜினிஷா மறுநாள் மத்தியானம் வந்தாள். நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். சோல்ஃபாவை பஸ்ஸிலேயே பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அக்கா, எனக்குப் பேடியா இருக்கு. நீங்க இருக்குத வீட்டுல நான் எப்பிடிப் பாட?” என்றாள். ஷைஜா அவளுக்குச் சுக்கு வெள்ளம் கொடுத்தாள். தொண்டைக்கு நல்லது.

எபிசன் மெத்தையைச் சாய்த்தான். மைக்கைச் சரிசெய்தான். எட்டாவது டிராக்கின் பொத்தானை அழுத்தினான். பதிவுக்குத் தயார் என்று அதன் விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. இனி நடுவில் இருக்கிற பெரிய பொத்தான் ஒன்றுதான். அவன் ஹெட்போனைச் சரிசெய்தான். மைக்கை மறுபடி உயர்த்தினான். பிறகு தாழ்த்தினான். ஜன்னல் பக்கம் போய் மெத்தையை ஒரு விரற்கடை தள்ளினான். திரும்பி வந்து பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, ரோட்டில் பஸ் போகிறது என்றான். பஸ் ஒன்றும் போகவில்லை.

“அண்ணே, பாடட்டா?” என்றாள் ஜினிஷா.

“ஒரு நிமிசம்.”

 ஷைஜா கட்டிலிலிருந்து எழுந்து வந்து அவனைத் தோளால் மெல்ல ஒதுக்கினாள். அடுக்களையில் வழியில் நிற்கிறவனை ஒதுக்குவது போலத்தான். பிறகு தானே அழுத்தினாள். மின்னிக்கொண்டிருந்த விளக்கு நிலைத்து நின்றது. தாளம் தொடங்கியது.

ஜினிஷா நன்றாகப் பாடினாள். அரிசியில் கல் பொறுக்குவது போல ஷைஜா ஒவ்வொரு அடியாகக் குற்றம் தேடினாள். சுருதி விடவில்லை. சோப்ரானோ மேலே போகும்போது கூடவே போய்விடவில்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். எல்லாம் சேர்ந்து வந்தபோது அவள் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. பாட்டுதான் நிறைந்து கேட்டது. கடைசி வரியில் ‘வெளிச்சமே’ எந்தச் சிரிப்பும் இல்லாமல், எந்த முட்டலும் இல்லாமல், கழுவிய பாத்திரம் போல முடிந்தது.

எபிசன் மெஷினை நிறுத்தினான். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, செரியா?” ஜினிஷா ஹெட்போனோடேயே சத்தமாகக் கேட்டாள்.

ஷைஜா சரியாக இருக்கிறது என்றாள். ஜினிஷாவுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, “என்ன அக்கா?” என்றாள். மறுபடி சொன்னாள். ஜன்னலை அடைத்த அந்த அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. அப்படியும் சத்தம் அந்தப் பெண் வரை போய்ச் சேரவில்லை. ஷைஜா நடந்து போய், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

“செரியா இருக்கு, மோளே. எனக்கதவிட நல்லா இருக்கு.”

ஜினிஷா தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

“அய்யோ அக்கா, கூசுது,” என்றாள். “காத்து மட்டும்தான் வருது. என்ன சொன்னிய?”